கச்சேரா தைக்க உட்காருகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் தையல் கடைக்கு ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் இரண்டு விதமான வேலை ஒன்றாக வந்து குவியும். தமிழ்ப் புத்தாண்டுக்கு ரவிக்கை தைக்கத் தோட்டத்துப் பெண்கள் வருவார்கள். அதே வாரத்தில் சீக்கியர்களின் வைசாகித் திருநாளுக்கு முன்பாக, அவர்கள் உள்ளே கட்டும் அரைக்கால் உடையான கச்சேரா வேண்டும் என்று பஞ்சாபிக் குடும்பங்கள் வெள்ளைத் துணியோடு வருவார்கள். ரவிக்கை சொல்லிக்கொடுக்க ஊரில் பலர் உண்டு. என்னிடம் தொழில் பழகும் பெண்கள் தடுமாறுவது கச்சேராவில்தான். அவர்களுக்காகவும், இந்த வேலை கைக்கு வரப்போகிற மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பேச்சு. கடைக்கு வருகிறவரை "வங்காளி" என்று சொல்லாதீர்கள். கல்கத்தாவில் கப்பலேறி வந்தார்கள் என்பதால் மலாயாவில் ஒட்டிக்கொண்ட தவறான பெயர் அது. அவர்கள் சீக்கியர்கள், பஞ்சாபிகள்.

1699ஆம் ஆண்டு வைசாகி நாளில், பஞ்சாபின் ஆனந்த்பூரில், சீக்கியர்களின் பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங் கால்சா என்னும் சீக்கியர் சபையை நிறுவினார். அமிர்தம் என்னும் புனித நீரைச் சடங்கில் ஏற்றுக் கால்சாவில் சேர்கிறவர் உடலை விட்டு நீங்காமல் ஐந்து அடையாளங்களை வைத்திருக்க வேண்டும்: வெட்டாத முடியான கேஷ், கங்கா என்னும் மரச்சீப்பு, கரா என்னும் இரும்புக் காப்பு, கிர்பான் என்னும் வாள், கச்சேரா. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேதான். வெளியே தெரியும் நான்கைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். உள்ளே இருப்பதால் கச்சேராவை வெறும் உள்ளாடை என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதன்முதலில் நான் தைத்தது தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு சீக்கியப் பெரியவருக்கு. அந்த அம்மா நம்மைப் போலவே தமிழ் பேசுவார். நான் அவரை பீபிஜி என்று கூப்பிடுவேன். துணியை மிச்சம் பிடித்துக் கால்களை ஒடுக்கி, இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கோபிக்கவில்லை. வெட்டு மேசையில் அதை விரித்து, ஒரு கால் வாய்க்குள் இரண்டு கைகளையும் நுழைத்து விரித்துப் பார்த்தார். துணி உடனே இறுகி நின்றது. "மாற்றும்போது ஒரு கால் பழையதில் இருக்கும்போதே இன்னொரு காலைப் புதியதில் விட வேண்டும், தங்கச்சி. ஒரு நிமிஷம்கூட இது இல்லாமல் நான் இருக்க மாட்டேன். இதற்குள் கால் எப்படிப் போகும்?" என்றார். எல்லாக் குடும்பத்திலும் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை. ஆனால் அமிர்தம் ஏற்ற பலர் இப்படித்தான் மாற்றுகிறார்கள். அன்றிலிருந்து அளவெடுக்கும் முன்பே கால் வாயின் அகலத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

அகலம் வேண்டியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கால்சாவில் சேர்கிறவர் துறவியாக வேண்டியதில்லை. குடும்பத்தில் இருக்கிறவர், தேவையானால் வாளெடுக்கிறவர். நழுவும் வேட்டியோடு குதிரை ஏற முடியாது. கச்சேரா கட்டியவர் ஓடலாம், தாவலாம், சம்மணமிட்டு உட்காரலாம். நாமும் சண்டைக்கு ஆயத்தமானவரைக் "கச்சை கட்டிக்கொண்டு நிற்கிறார்" என்கிறோமே, அந்தக் கச்சையை நினைத்துக்கொண்டால் கச்சேரா சட்டென்று விளங்கிவிடும். ஆயத்தம் ஒரு பக்கம், அடக்கம் இன்னொரு பக்கம். தன் கணவரையோ மனைவியையோ தவிர வேறொருவரை நாடுவது கால்சாவின் நான்கு பெருங்குற்றங்களில் ஒன்று. அந்த உறுதியை உடம்பிலேயே நினைவூட்டுவது இந்தத் துணி.

புகையிலையும் அந்த நான்கில் ஒன்று. என் கடையில் வெற்றிலை போடுகிறவர்கள் உண்டு. கச்சேரா தைக்கும் நாளில் புகையிலைப் பொட்டலம் மேசைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்டுச் செய்ததில்லை. அவர்கள் நோன்பாகக் கட்டப்போகும் துணியில் அந்த வாடை ஏறக்கூடாது.

இனி வேலை. துணி பருத்தியாக இருக்கட்டும். சீக்கியர்களின் ஒழுக்க நெறியான ரஹித் மர்யாதா எந்தத் துணியிலும் தைக்கலாம் என்கிறது. நீளம் கணைக்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதுதான் வரையறை. வழக்கத்தில் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும். ஆனால் நம் ஊர் வெயிலுக்குப் பாலியெஸ்டர் கலந்தது தொடையில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பாப்ளின் நல்லது. 44 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் வாங்கி, நனைத்து, காயவைத்து, தேய்த்த பிறகே கத்தரியை எடுங்கள். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே நீளம் குறையும்.

அளவுக்கு, துவைத்து வைத்திருக்கும் இன்னொரு கச்சேராவைக் கேட்டு வாங்குங்கள். கட்டியிருப்பதைக் கழற்றச் சொல்வது பெரிய தவறு. அளவுத் துணி இல்லையென்றால் உடைக்கு மேலேயே நாடா வைத்து இடுப்பு, புட்டச் சுற்றளவு, இடுப்பிலிருந்து முழங்காலுக்கு மேல் வரை நீளம் எடுத்தால் போதும்.

புட்டச் சுற்றளவு 40 அங்குலம், தைத்து முடித்த நீளம் 21 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். காலுக்கு ஒன்றாக, 28 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் கொண்ட இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். நீளம் துணியின் நெடுக்கு இழையில் ஓட வேண்டும். பக்கவாட்டில் 16 அங்குல அகலப் பட்டை மிஞ்சும். அதிலிருந்து 9 அங்குலச் சதுரம் ஒன்று, கவட்டுத் துண்டுக்கு. பஞ்சாபித் தையற்காரர்கள் அதை மியானி என்பார்கள். நாடாவுக்கு 2 அங்குல அகலத்தில் இரண்டு நீளப் பட்டைகளும் அதிலேயே கிடைத்துவிடும். இது சிக்கனமான அளவு. மூத்தவர்கள் இன்னும் நிறையத் துணி வைத்துச் சுருக்கம் கேட்பார்கள், கொடுங்கள்.

இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலிருந்து கீழே 12 அங்குலம் வரை முன் நடுத்தையல் போடுங்கள். எதிர் ஓரத்திலும் அதே 12 அங்குலம், அது பின்பக்கம். முன்பக்கத்தில் மட்டும் மேலே இரண்டேகால் அங்குலம் தைத்து, அடுத்த ஓர் அங்குலத்தைத் தைக்காமல் திறந்து வையுங்கள். நாடா அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

அடுத்ததுதான் கவனம் கேட்கும் இடம். சதுரத்தை வைரம் போலத் திருப்பிப் பிடியுங்கள். ஒரு முனை முன் தையல் முடியும் புள்ளியில், எதிர் முனை பின் தையல் முடியும் புள்ளியில். மற்ற இரண்டு முனைகளும் இரண்டு கால்களின் உள்தையலுக்குப் போகும். ஒவ்வொரு பக்கமாக 8 அங்குலம் தைத்து வரும்போது, முனைக்கு அரை அங்குலம் முன்பே ஊசி துணிக்குள் இறங்கி நிற்க வேண்டும். ஊசியை எடுக்காமல் இயந்திரத்தின் பாதத்தைத் தூக்கி, அடியில் மடிந்த துணியை விரலால் நீவி விட்டு, துணியைத் திருப்பி, பாதத்தை இறக்கி அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். ஓர் இழை தள்ளிப் போனாலும் அங்கே சிறு சுருக்கு விழும். விழுந்தால் பிரித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பகலெல்லாம் உடம்போடு இருக்கும் துணியில் அந்தச் சுருக்கு உரசிப் புண்ணாக்கும். பிறகு கால்களின் உள்தையலில் மீதியுள்ள 4 அங்குலத்தை மூடுங்கள்.

இதில் பிசிர் தொங்கக் கூடாது. தையல் ஓரங்களில் ஒன்றைக் குறைத்து வெட்டி, அகலமானதை அதன்மேல் மடித்து இன்னொரு வரிசைத் தையல் ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் உட்பக்கமும் வெளிப்பக்கம் போலவே வழுவழுப்பாக இருக்கும். கால் விளிம்பை ஓர் அங்குலத்தில் அடக்கி மடித்து அடித்துவிடலாம்.

இடுப்பில் 2 அங்குலம் உள்ளே மடித்து, ஓரத்தையும் மடக்கி, சுற்றிலும் தைத்தால் நாடா ஓடும் குழல் தயார். எலாஸ்டிக்கை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பீபிஜி அன்று சொன்னது இதுதான்: "இழுத்துவிட்டுப் போகிற துணி இல்லை இது. நாடாவைக் கட்டும்போது கை நிற்கும், எதற்காகக் கட்டுகிறேன் என்று மனம் நினைக்கும்." அந்தச் சொல்லுக்குப் பிறகு நாடாவை மிச்சத் துணியில் ஏனோதானோ என்று நான் தைத்ததில்லை. இரண்டு பட்டைகளையும் இணைத்து, நான்காக மடித்து, ஓரத்தில் நெருக்கமான தையல் போட்டு, இரண்டு கஜம் நீளத்துக்கு வெட்டுகிறேன். ஊக்கில் மாட்டிக் குழலுக்குள் ஓட்டி, இரண்டு முனைகளும் முன்பக்கத் திறப்பில் சமமாக வரும்படி இழுங்கள்.

தைத்த பிறகு ஒருமுறை அலசி, தேய்த்து, சுத்தமான தாளில் சுற்றிக் கையில் கொடுங்கள். தரையில் வைக்க வேண்டாம். ஒன்று கேட்டு வருகிறவரிடம் இரண்டாகத் தைத்துக்கொள்ளச் சொல்வேன். மாற்றுக்கு எப்போதும் ஒன்று காய்ந்த நிலையில் இருக்க வேண்டுமே. வைசாகிக்கு அமிர்தம் ஏற்கப் போகிறவர் என்றால் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். ஐந்தும் உடலில் இல்லாமல் அந்தச் சடங்கில் அவர் நிற்க முடியாது.

கடைசியாக, நாடாவின் இரண்டு முனைகளிலும் கெட்டியான முடிச்சுப் போட்டீர்களா என்று பாருங்கள். அவர்கள் விடியலுக்கு முன்பே எழுந்து குளித்துப் பிரார்த்தனைக்கு நிற்பவர்கள். முடிச்சில்லாத நாடா குழலுக்குள் ஓடிவிட்டால், அந்த இருட்டில் அவர் ஊக்குத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.