நாயின் சுகத்துக்குப் பரிசு: ஊர் மைதானத்தில் நாய்க் கண்காட்சி நடத்தும் முறை

கல்லடியில் எங்கள் பகுதி விளையாட்டுக் கழக இளைஞர்கள் சிலர், சாதி நாய்க் கண்காட்சி ஒன்றை நாமும் நடத்தினால் என்ன என்று அண்மையில் என்னிடம் கேட்டார்கள். தாராளமாக நடத்தலாம், ஆனால் வெளியூர்க் கண்காட்சிகளை அப்படியே பார்த்து நடத்தக்கூடாது என்று சொன்னேன். ஏன் கூடாது, அப்படியானால் எப்படி நடத்துவது என்பதை அவர்களுக்காகவும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இதே எண்ணத்தோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நாய்க் கண்காட்சி என்ற வழக்கம் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1859ஆம் ஆண்டு தொடங்கியது. அங்கே வந்தவை பொயின்டர், செட்டர் என்னும் வேட்டை நாய்கள் மட்டுமே. வென்றவர்களுக்குக் கொடுத்த பரிசும் துப்பாக்கிதான். அதாவது, வேலை செய்யும் நாயைத் தேடிய மனிதர்களின் கூட்டமாகவே அது இருந்தது. 1873இல் சாதி நாய்களைப் பதியும் சங்கமான கெனல் கிளப் உருவாகி, வம்சாவளிப் பதிவேடும் ஒவ்வொரு சாதிக்குமான எழுத்து வரையறையும் நிலைபெற்ற பின்னர், நடுவரின் கண் நாயின் வேலையிலிருந்து தோற்றத்துக்கு மாறியது. மூக்கு குட்டையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் மேலும் குட்டையான மூக்கும், முதுகு சரிந்திருந்தால் அழகு என்று கருதினால் மேலும் சரிந்த முதுகும் பரிசு பெற்றன. பரிசு பெற்ற நாயிடமே எல்லோரும் குட்டி எடுத்ததால், சில தலைமுறைகளுக்குள் அந்தக் குறை சாதி முழுவதற்கும் பரவியது. இதனை 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படம் ஒன்று வெட்டவெளிச்சமாக்கியது. அடுத்த ஆண்டிலிருந்து, கெனல் கிளப் நடத்தும் பெரிய நாய்க் கண்காட்சியான கிரஃப்ட்ஸை ஒளிபரப்புவதை அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறக்கும் குட்டிகளைப் பதிவதில்லை என்று கெனல் கிளப் முடிவெடுத்ததும் அந்தக் காலத்தில்தான். 2012 கிரஃப்ட்ஸில் தத்தம் சாதியில் முதலிடம் பெற்ற ஆறு நாய்களை மிருக வைத்தியர்கள் சோதித்து, அடுத்த சுற்றுக்குப் போகவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். பழைய மாதிரிக் கண்காட்சிகளின் மதிப்பு சரிந்ததற்குச் செலவு, பயணம், தெருநாயைத் தத்தெடுக்கும் புதிய மனப்பாங்கு என்று காரணங்கள் பல உண்டு. என் கணிப்பில் இதுவே முதற்காரணம்: பரிசு பெற்ற நாய் சுகமான நாயாக இருக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது.

அந்த நம்பிக்கையை நானும் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு அல்சேசன் நாய் இருந்தது. வம்சாவளிப் பத்திரத்தோடு வாங்கியது. முதுகு பின்பக்கமாக அழகாகச் சரிந்திருக்கும். கொழும்பில் ஒரு முறை ரிபனும் வாங்கியது. ஆறாவது வயதில் விறாந்தையின் மூன்று படிகளை அதனால் ஏற முடியவில்லை. அதற்கும் வெகுமுன்னரே, கூட்டிவிட்ட முற்றத்து மணலில் அது நடந்துபோன இடமெல்லாம் பின்கால் நகம் இழுபட்டு இரண்டு மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. அவற்றை நாங்கள் தினமும் பார்த்தோம், என்னவென்று விளங்கிக்கொள்ளவில்லை.

இனி நடத்தும் முறைக்கு வருவோம். நாளைத் தேர்வதுதான் முதல் வேலை. மார்கழி மழையிலும், கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையிலும் வைக்க வேண்டாம். மாசி மாதம் ஏற்றது. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக், புல்டோக் போன்ற குட்டை மூக்கு நாய்களுக்கு அந்த வழியும் பாதி அடைபட்டே இருக்கிறது. புறங்கையைத் தரையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள்; உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும், அப்போது நிகழ்ச்சியை நிறுத்திவிடுங்கள். வேம்பு நிழலுள்ள மைதானமாக இருந்தால் பெரும் உதவி. தண்ணீரைப் பொதுத் தொட்டியில் வைக்காமல், ஒவ்வொருவரும் தம் நாய்க்குத் தனிச் சட்டி கொண்டுவரச் செய்யுங்கள். ஒரு நாய் தள்ளாடினாலோ, நாக்கு கருஞ்சிவப்பாக மாறினாலோ, உடனே உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக் காற்றுப்படச் செய்துவிட்டு, அதன்பிறகே வாகனத்தில் ஏற்ற வேண்டும்.

பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவியுங்கள். விசர்நாய் தடுப்பூசி அட்டை இல்லாத நாயை உள்ளே விடக்கூடாது. ஊசி போட்டதும் அதே நாளில் பாதுகாப்புக் கிடைத்துவிடாது என்பதால், தடுப்பூசி முகாமைக் கண்காட்சி நாளில் வைக்காமல் ஒரு மாதம் முந்தியே வைப்பது நல்லது. தடுப்பூசி வரிசை முடியாத குட்டிகளையும் பருவத்திலிருக்கும் பெட்டை நாய்களையும் வீட்டில் விட்டுவரச் சொல்லுங்கள். நாய்க்கும் நாய்க்கும் இடையில் இரண்டு மீற்றர் இடைவெளி இருக்கட்டும். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இதற்கென ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

போட்டிப் பிரிவுகளைச் சாதிவாரியாக அமைக்காமல், வயதையும் உடலளவையும் கொண்டு அமையுங்கள். ஊர் நாயும் லப்ரடோரும் ஒரே வரிசையில் நிற்கட்டும். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாட்டுப்பட்டி காக்கும் நாய்களுக்கும் வயற்காவல் நாய்களுக்கும் தனியாக ஒரு பிரிவு வையுங்கள். நம் மாவட்டத்தில் இன்றும் வேலைசெய்து வாழும் நாய்கள் அவைதாம். நடுவர்களாக ஒரு மிருக வைத்தியரும், பட்டி வைத்திருக்கும் அனுபவசாலி ஒருவரும் சேர்ந்திருந்தால் போதும்.

புள்ளி இடும்போது முதலில் மூச்சைக் கேளுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கெனல் கிளப்பும் 2019இல் அறிமுகப்படுத்திய முறையில், குட்டை மூக்கு நாயை மூன்று நிமிடம் துள்ளுநடையில் நடத்தி, நடைக்கு முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, பூச்சியம் முதல் மூன்று வரை தரமிடுகிறார்கள். அதை வைத்தியரே செய்ய வேண்டும். குறட்டைபோல் இரைச்சல் ஏறினால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். குறட்டை விடுவது அந்தச் சாதியின் இயல்பு என்று உரிமையாளர் சொன்னால், அது மூச்சுத்திணறல் என்று பொறுமையாக விளக்குங்கள்.

அடுத்தது நடை. கடற்கரை மணலைப் பத்தடி நீளத்துக்குப் பரப்பி, வாரியால் சமமாக வாரி, தளர்ந்த கயிற்றில் நாயை மெதுவாக நடத்துங்கள். நான்கு பாதங்களும் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். பின்பாதச் சுவடுகளுக்கு இடையில் கீறல் விழுந்திருந்தால் நகங்களைப் பாருங்கள். நடு நகங்கள் தேய்ந்திருந்தால் இடுப்பையோ முள்ளந்தண்டையோ வைத்தியர் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் மணலைப் புதிதாக வாருவதற்கு ஒரு பிள்ளையை நிறுத்திவையுங்கள்.

விலா எலும்புகளைத் தடவும்போது புறங்கை விரல் எலும்புகளைத் தடவுவதுபோல இருந்தால் உடல் அளவானது. பல் முரசு வெளிறியிருந்தால் உண்ணிக்காய்ச்சலை நினையுங்கள். காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். நாய் பார்க்காத பக்கத்திலிருந்து கைதட்டிச் செவியைச் சோதியுங்கள். டல்மேசனிலும், நம் தமிழர்கள் பெருமையோடு சொல்லும் வெள்ளை இராஜபாளையத்திலும் பிறவிச் செவிடு உண்டு. வெண்மையை மட்டும் விரும்பித் தெரிந்தெடுத்ததற்கு அந்த நாய்கள் கொடுத்த விலை அது. கடைசியாக, வீட்டுப் பிள்ளை அழைக்க நாய் எப்படி வருகிறது என்று பாருங்கள். வாலை ஒடுக்கிக்கொண்டு வரும் நாய்க்கு எந்தச் சாதியானாலும் புள்ளி குறையட்டும்.

சாதி நாய் வைத்திருப்பவர்கள் இதனால் மனம் நோகக்கூடும். அவர்களை ஒதுக்காதீர்கள், பத்திரத்தோடு வரச் சொல்லி, அதை உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். பாட்டன், பாட்டி வரிசையில் ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்று பாருங்கள். உடன்பிறந்தவற்றின் கூடலில் பிறந்த குட்டிக்கு உட்கலப்பு, அதாவது உறவுக்குள் கூடியதன் அளவு, 25 வீதம். கூடிய இரண்டுக்கும் தாயோ தந்தையோ மட்டும் ஒன்றாக இருந்தால் 12.5 வீதம். பெற்ற நாய்கள் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரே முடிவையும் கேட்டுவாங்காமல் குட்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்திரம் முன்னோரின் பெயரைத்தான் சொல்லும். அவற்றின் எலும்பைப் பற்றிச் சொல்லாது. மைதானத்தில் குட்டி விற்பதற்கு இடங்கொடுக்கவே கூடாது.

பார்க்க வருபவர்களுக்கு உற்சாகம் வேண்டுமென்றால் தடைதாண்டல் வையுங்கள். 1978இல் கிரஃப்ட்ஸின் இடைவேளையை நிரப்பவென்று தொடங்கிய விளையாட்டு அது. 2024இல் நியூயோர்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் அந்தப் போட்டியை நிம்பிள் என்னும் கலப்பின நாய் வென்றது. கலப்பின நாயொன்று அங்கே அதை வென்றது அதுவே முதல் தடவை. மூங்கில் கழியும் பழைய டயரும் போதும். கழியை நாயின் முழங்கை உயரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்; ஒரு வயதாகாத நாயைத் தாண்டவிடவே வேண்டாம்.

பரிசாகக் கிண்ணம் கொடுப்பதைவிட, பூச்சி மருந்தும் கருத்தடைச் சத்திரசிகிச்சைச் செலவும் கொடுங்கள். மணலில் கீறல் விட்ட நாய்களின் உரிமையாளர்களை ஒலிபெருக்கியில் அழைக்காமல், தனியே கூப்பிட்டு, அந்தச் சுவட்டை அவர்கள் கண்ணாலேயே பார்க்கச் செய்து, அன்று காலையே வைத்தியரிடம் ஒரு நாள் குறித்துக் கொடுத்து அனுப்புங்கள்.