சின்னப் பதிப்பகத்தில் இன்டர்ன்ஷிப்: கேட்பதிலிருந்து கிளம்புவது வரை

லாப நோக்கமில்லாத சின்ன இலக்கியப் பதிப்பகம் என்றால் பெரும்பாலும் மூன்று பேர், ஒரு பிரின்டர், அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் அட்டைப்பெட்டிகள், அவ்வளவுதான். அங்கே சேர்ந்தால் நாள் முழுக்க நாவல் படிக்கலாம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். முதல் வாரம் உறைகளில் முகவரி ஒட்டினேன். இரண்டாம் வாரம் எக்செல்லில் பழைய பட்டியலைச் சரிபார்த்தேன். எல்லாம் சேர்ந்துதான் புத்தகம் என்பது புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நீங்கள் முதல் நாளே தெரிந்துகொண்டு போகலாம்.

சின்ன இடம் என்பதால் சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் ஆங்கிலத்துக்குப் போய் 2022இல் சர்வதேச புக்கர் பரிசு வாங்கியதே, அந்த மொழிபெயர்ப்பை வெளியிட்டது டில்டட் ஆக்ஸிஸ் என்ற சின்ன, லாப நோக்கமற்ற பதிப்பகம்தான். அந்தப் பதிப்பகத்தை 2015இல் தொடங்கியவர் டெபோரா ஸ்மித் என்ற இன்னொரு மொழிபெயர்ப்பாளர்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்டர்ன் வந்தால் அவர்களுக்கு முதலில் வேலை கூடும், குறையாது. யாராவது ஒருவர் தன் வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் உங்கள் கடிதத்தில் அவர்கள் தேடுவது, இந்த ஆளுக்கு ஒரு விஷயத்தை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்பதைத்தான். "சிறு வயதிலிருந்தே எனக்கு வாசிப்பில் ஆர்வம்" என்று ஆரம்பிக்கும் கடிதம் நூறு வந்திருக்கும். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் மொழிபெயர்ப்பு வரிசையில் மூன்று நாவல்கள் படித்தேன். இரண்டாவதில் வட்டார வழக்கை அடிக்குறிப்பு போடாமலேயே புரியவைத்திருந்தது பிடித்தது. செவ்வாய், வெள்ளி மதியம் நான்கு மணி நேரம் வர முடியும். பரீட்சை நடக்கும் இரண்டு வாரம் மட்டும் வர இயலாது. மெய்ப்பு (ப்ரூஃப்) பார்த்துப் பழக்கமில்லை, எக்செல் நன்றாகத் தெரியும்." ஐந்தாறு வரிதான். ஆனால் புத்தகத்தைப் படித்திருப்பதும், எப்போது வருவீர்கள், என்ன தெரியாது என்பதும் எல்லாம் வந்துவிட்டது. வேண்டிய தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அனுப்புங்கள், பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். அவர்கள் வெளியிட்ட நாவலில் கண்ட பதினோரு எழுத்துப்பிழைகளைப் பட்டியல் போட்டு முதல் கடிதத்தோடு இணைத்து அனுப்பினேன் நான், ஒரு இடத்துக்கு. பதிலே இல்லை. பிழைகள் உண்மையானவைதான், ஆனால் யார் வீட்டுக்கு முதல் தடவை போகும்போது ஒட்டடையைக் காட்டிப் பேசுவோம்?

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். லாப நோக்கமற்றது என்றால் மிஞ்சும் பணத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, வேலைக்கே திரும்பப் போக வேண்டும் என்றுதான் அர்த்தம். யாருக்கும் சம்பளமே கிடையாது என்று அர்த்தமில்லை. உதவித்தொகை உண்டா, போக்குவரத்துச் செலவு தருவார்களா, கல்லூரியில் கிரெடிட் கணக்கில் சேருமா, வாரம் எத்தனை மணி நேரம், யாரிடம் வேலை பார்ப்பேன், இவ்வளவையும் சேருவதற்கு முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். பணம் இல்லை என்றால் நேரத்துக்கு ஒரு வரம்பு இருக்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் மாதக்கணக்கில் உங்கள் தலையில் கட்டினால் அது பயிற்சி கிடையாது, கிளம்பிவிடலாம்.

சரி, சேர்ந்தாயிற்று. ஒரு கைப்பிரதி ஏற்கப்பட்டுப் புத்தகமாக வர ஒரு வருஷம் சாதாரணமாக ஆகும், சில சமயம் இன்னும் கூடும். உங்கள் மூன்று மாதத்தில் எந்தப் புத்தகத்தையும் தலை முதல் கால் வரை பார்க்க முடியாது. அதனால் அச்சுக்குப் போகப் போகிற ஒன்று, இப்போதுதான் எடிட்டிங்கில் இருக்கிற ஒன்று, இரண்டிலும் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. மூன்று மாதமும் ஒரே கவிதைத் தொகுப்பின் நடுப்பகுதியிலேயே கழிந்தது.

கைப்பிரதி படித்து அறிக்கை எழுதச் சொல்வார்கள். எல்லோரும் ஆசைப்படும் வேலை, முதல் தடவை எல்லோரும் சொதப்புவதும் இங்கேதான். "நடை அருமை, கதை விறுவிறுப்பு" என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. கதை என்ன என்று மூன்று வரி, பிறகு எங்கே பிடித்தது, எங்கே தொய்ந்தது என்று பக்க எண்ணோடு, கடைசியில் இந்தப் பதிப்பகத்துக்குப் பொருந்துமா என்று ஒரு முடிவு. உதாரணமாக: "அக்கா 40ஆம் பக்கத்தில் காணாமல் போனதும் கதையும் அவளோடு போய்விடுகிறது, 110 வரை ஒன்றும் நகரவில்லை. ஆனால் சண்டைக் காட்சிகளில் பேச்சு அவ்வளவு இயல்பு. இதை வேண்டாம் எனலாம், அடுத்தது எழுதினால் அனுப்பச் சொல்லலாம்." இப்படி எழுதினால் பதிப்பாசிரியர் உங்களை நம்ப ஆரம்பிப்பார். அந்தப் பிரதியை நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள், அதைப் பற்றி வெளியே எழுதாதீர்கள், சுருக்கம் கேட்டு எந்த ஏஐ கருவியிலும் ஏற்றாதீர்கள். வேறொருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது அது, இன்னும் வெளியே வரவில்லை.

மெய்ப்புக்கு வருவோம், எனக்குப் பிடித்த இடம். திருத்தம் போட்ட இடத்தை மட்டும் பார்த்து டிக் அடிப்பதுதான் புதியவர்களின் தப்பு. ஒரு சொல் சேர்ந்தால் வரி நகரும், வரி நகர்ந்தால் பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தாவும், உள்ளடக்கத்தில் இருக்கும் பக்க எண் பொய்யாகிவிடும். ஆகவே திருத்திய பத்தி முழுவதையும், அந்தப் பக்கத்தின் அடியையும், அடுத்த பக்கத்தின் தலையையும் பாருங்கள். தமிழ்ப் புத்தகமென்றால் இன்னொரு தலைவலி உண்டு. 'அவர்' என்பதில் கடைசி எழுத்தை ர் என்று அடிக்காமல் துணைக்கால் போட்டு அதன் மேல் புள்ளி வைத்து 'அவா்' என்று சிலர் அடித்திருப்பார்கள். ஔவையின் முதல் எழுத்தை ஒ, ள என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் மின்னூலில் தேடினால் சொல் அகப்படாது. பழைய ஃபான்ட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் இது போல இன்னும் நிறையக் கிடக்கும். இந்த இரண்டையும் கோப்பு முழுக்கத் தேடிப் பிடித்துக் கொடுத்தீர்கள் என்றால் லேஅவுட் செய்பவர் உங்களை மறக்கவே மாட்டார்.

அச்சுக் கணக்கு கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. உள்பக்கங்களைப் பாரம் பாரமாக, அதாவது ஒரு பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடிப்பார்கள், பெரும்பாலும் ஒரு பாரத்துக்கு 16 பக்கம், சில இடத்தில் 8. புத்தகம் 163 பக்கம் வந்தால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட வேண்டும், அதனால்தான் 160க்குள் அடக்கச் சொல்லி உயிரை எடுப்பார்கள். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண், 2007 முதல் 13 இலக்கம். காகித அட்டைப் பதிப்புக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். பின்னட்டையில் இருப்பதும் பதிப்புரிமைப் பக்கத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரு வழி: முதல் எண்ணை ஒன்றால், இரண்டாவதை மூன்றால், மறுபடி ஒன்றால், மூன்றால் என்று கடைசி வரை பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எங்கோ ஒரு இலக்கம் தப்பு.

நல்கை (கிராண்ட்) விண்ணப்பம், நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம், மதிப்புரைப் பிரதி யார் யாருக்குப் போனது என்ற பட்டியல், இதெல்லாம் சலிப்பான வேலை என்று ஒதுக்காதீர்கள். விற்பனை மட்டும் நம்பி இந்தப் பதிப்பகங்கள் ஓடுவதில்லை. நல்கை கொடுப்பவர் கேட்பது எண்ணிக்கை: எத்தனை பிரதி போனது, எத்தனை புது எழுத்தாளர், எத்தனை கூட்டம், யார் வந்தார்கள். அந்த எண்கள் ஒழுங்காக இருக்கும் ஒரு பட்டியலை வைத்துத்தான் அடுத்த வருஷத்துப் புத்தகங்களே முடிவாகும், அதைப் பராமரிப்பது பல இடங்களில் இன்டர்ன்தான்.

அப்புறம், உங்கள் கவிதைகள். எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அங்கே இருக்கும்வரை கொடுக்காதீர்கள், கேட்டால் மட்டும் காட்டுங்கள். கொடுத்துவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லவும் முடியாமல், எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்க்கவும் முடியாமல் அவர்கள் படும் பாடு பரிதாபம்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் சான்றிதழோடு ஒரு பரிந்துரைக் கடிதமும் கேளுங்கள். நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று நாலு வரி நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர்களுக்குச் சுலபம். அடுத்து வருகிறவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி வையுங்கள்: எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எது பாதியில் நிற்கிறது, யாருக்குப் பதில் போட வேண்டும். முக்கியமாக, 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் இதுதான்' என்று கிடக்கும் மூன்று கோப்பில் அச்சகத்துக்குப் போனது எது என்று.