சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை: கிழங்கை வேகவைக்காதீர்கள், சுடுங்கள்

நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள். அன்று வடக்கே பூசணி பை (pie, மாவுக் கூட்டில் பூரணம் ஊற்றிச் சுடும் இனிப்பு) வைப்பார்கள் என்றால் தெற்கே, அதிலும் ஆப்பிரிக்க அமெரிக்கர் வீடுகளில், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பைதான். தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்த அபி ஃபிஷர் என்ற சமையல்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர், தான் வாயால் சொன்ன குறிப்புகளை 1881-ல் அச்சில் கொண்டுவந்தபோது அதில் இந்தப் பையும் இருந்தது. கிழங்கை வேகவைத்து, சூட்டோடு சல்லடையில் தேய்த்து, ஆரஞ்சுச் சாறு பிழிந்து, அடியில் மட்டும் மாவு வைத்துச் சுடச் சொல்கிறார். வேகவைப்பது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இன்றைக்கும் சரி.

ஏன் வேகவைக்கக் கூடாது? தண்ணீரில் வெந்த கிழங்கு தண்ணீரைக் குடித்துவிடும், அந்தத் தண்ணீர் கடைசியில் பையின் அடியைத்தான் நமத்துப்போகச் செய்யும். அதோடு, தோலோடு ஓவனில் மெதுவாகச் சூடேறும்போது கிழங்குக்குள் இருக்கும் நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றுகிறது. மைக்ரோவேவில் அஞ்சு நிமிஷத்தில் வேகவைத்தால் அந்த நொதிக்கு நேரமே கிடைக்காது, இனிப்பு குறையும். ஆரஞ்சு நிறச் சதை உள்ள கிழங்காக 800 கிராம் எடுத்து, முள்கரண்டியால் அங்கங்கே குத்தி, 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுடுங்கள். கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்க வேண்டும், தோலில் பாகு கசிந்து கருத்திருக்கும். தட்டுக்கு அடியில் ஒரு தகடு வையுங்கள், அந்தப் பாகு ஓவனில் ஒட்டினால் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிடும்.

கிழங்கு சுடும் நேரத்தில் மாவு. 160 கிராம் மைதா, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை கலந்து, ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த 115 கிராம் வெண்ணெயைத் துண்டு போட்டு விரல் நுனியால் பிசறுங்கள். பட்டாணி அளவு வெண்ணெய்க் கட்டிகள் அங்கங்கே தெரியட்டும், சுடும்போது அவைதான் உருகி மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கும். ஐஸ் தண்ணீர் மூன்று நான்கு டேபிள்ஸ்பூன், மாவு ஒன்றுசேரும் வரைக்கும் மட்டும். அழுத்திப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். தட்டையாக்கிச் சுற்றி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அப்புறம் தேய்த்து 9 அங்குலப் பை தட்டில் விரித்து, ஓரத்தை மடித்து அழகாக அமுக்கி, இன்னொரு இருபது நிமிஷம் குளிரவிடுங்கள்.

பூரணம் ஊற்றும் முன் மாவை வெறுமையாக ஒருமுறை சுட வேண்டும், பலரும் சோம்பேறித்தனத்தில் விடுகிற படி இது. பட்டர் பேப்பர் போட்டு, மேலே காய்ந்த பயறு ஏதாவது கொட்டி (மாவு உப்பாமல் இருக்க), 200 டிகிரியில் 15 நிமிஷம். பேப்பரையும் பயறையும் எடுத்துவிட்டு இன்னும் ஏழெட்டு நிமிஷம், அடி ஈரமில்லாமல் வெளிறிய நிறத்துக்கு வரும் வரை.

சுட்ட கிழங்கின் தோலை உரித்து மசித்துச் சூட்டோடு சல்லடையில் தேயுங்கள், நார் எல்லாம் அதிலேயே தங்கிவிடும். இரண்டு கப், அதாவது கிட்டத்தட்ட 480 கிராம் விழுது வேண்டும். சூட்டிலேயே 85 கிராம் வெண்ணெயைப் போட்டால் தானே உருகிக் கலந்துவிடும். 150 கிராம் பழுப்புச் சர்க்கரை, 150 மில்லி எவாப்பரேட்டட் பால் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த பால்), ஒரு டீஸ்பூன் வெனிலா, அரை டீஸ்பூன் ஜாதிக்காய் (முழுசாக வாங்கி அப்போதே துருவினால் தனி வாசனை), கால் டீஸ்பூன் பட்டைத்தூள், கால் டீஸ்பூன் உப்பு. ஆறியபின் இரண்டு முட்டை. சூட்டில் முட்டையை ஊற்றினால் திரிந்து கட்டி கட்டியாகும். டின்னில் வரும் கண்டென்ஸ்டு மில்க் வேறு, அதில் சர்க்கரை உண்டு, இதற்கு ஆகாது. எவாப்பரேட்டட் பால் கிடைக்கவில்லையா? 350 மில்லி பாலை 150 மில்லியாகச் சுண்டவிடுங்கள், போதும். அபி ஃபிஷரின் ஆரஞ்சுச் சாறு பிடிக்குமென்றால் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம், நான் சேர்ப்பேன். கிராம்பு, இஞ்சி என்று அடுக்கினால் அது பூசணி பையின் வாசனைக்குப் போய்விடும், இங்கே ஜாதிக்காய்தான் முன்னால் நிற்க வேண்டும்.

மாவுக் கூட்டில் ஊற்றி 175 டிகிரியில் 45 முதல் 55 நிமிஷம். ஓரம் லேசாக உப்பி, நடுவில் மட்டும் கொஞ்சம் தளதளப்பு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், மிச்சத்தை உள்ளிருக்கும் சூடே முடித்துக்கொள்ளும். நடுவும் கெட்டியாகும் வரை காத்திருந்தால் முட்டை அதிகமாக வெந்து மேலே வெடிப்பு விழும். மாவு ஓரம் சீக்கிரம் கருக ஆரம்பித்தால் அலுமினியத் தாளால் சுற்றி மூடுங்கள்.

சூடாக வெட்டாதீர்கள், பூரணம் சரிந்துவிடும். கம்பித் தட்டில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள், முட்டையும் பாலும் சேர்ந்தது வெளியில் கிடக்கக் கூடாது. மறுநாள்தான் ருசி கூடும் என்பது என் கட்சி. மூன்று நான்கு நாள் தாங்கும். அடித்த கிரீம் ஒரு கரண்டி மேலே வைக்கலாம், மார்ஷ்மெல்லோ மட்டும் வேண்டாம்.