எஞ்சின் மவுண்டுக்குக் கண்ணாடிப் பசை: என் அனுபவம்

கிளட்சை விட்டதும் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். சஸ்பென்ஷன் என்றுதான் முதலில் நினைத்தேன். பானெட்டைத் திறந்து, ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு, முதல் கியரில் கிளட்சை லேசாக விடும்படி மனைவியிடம் சொன்னேன். (நான் பக்கவாட்டில்தான் நின்றேன்!) எஞ்சின் மொத்தமாகப் பின்னால் சாய்ந்து எழுந்தது. எஞ்சினை வண்டியின் சட்டத்தோடு பிணைத்து, அது முன்பின் சாயாமல் பிடிக்கும் கீழ் ரப்பர் தாங்கியான டார்க் மவுண்ட்டின் ரப்பரில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

புது மவுண்ட் வரப் பத்து நாளாகும் என்றார்கள். சரி, முன்கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேன் பசையை வாங்கிவந்தேன். ஆயில் பேனுக்கு அடியில் மரக்கட்டையோடு ஜாக் கொடுத்து மவுண்டைக் கழற்றினேன். எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் பசை பிடிக்காது. அதனால் கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், மறுபடி பிரேக் கிளீனர்.

அப்புறம்தான் சொதப்பினேன். மவுண்ட் ரப்பரிலிருந்த இடைவெளி முழுவதையும் ஒரே மூச்சில் பசையால் நிரப்பிவிட்டேன். மூன்று நாள் கழித்துக் கீறிப் பார்த்தால் மேலே கெட்டி, உள்ளே களிம்பு. காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இது இறுகும். ஒரு நாளைக்குச் சுமார் 3 மி.மீ. ஆழம். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, நாளுக்கு ஓர் அடுக்காகப் பூசினேன்.

'டொக்' போயே போய்விட்டது. கியரும் சுத்தமாக விழுகிறது. ஆனால் மவுண்ட் விறைப்பாகிவிட்டதால் எஞ்சின் அதிர்வு உள்ளே வருகிறது: சிக்னலில் ஏசியோடு நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. கண்ணாடியில் பின்னால் நிற்கும் பைக் இரண்டாகத் தெரிகிறது. எடை தாங்கும் மேல் மவுண்ட்களை அதனால்தான் தொடவில்லை.