செங்கல் சுவரில் உதிரும் சந்துக் கலவையைச் சீர்செய்தல்

வேலூர் வட்டாரத்துப் பழைய வீடுகளில் பின்சுவரும் மாடிக் கைப்பிடிச் சுவரும் பூச்சின்றி நிற்பதுண்டு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மாறி மாறித் தாக்கும்போது, செங்கற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியான சந்தில் இருக்கும் கலவையே முதலில் தேய்கிறது. அது தேய்ந்து செங்கலைக் காப்பதுதான் முறை என்பதால், புதிய கலவையும் செங்கலைவிட மென்மையாகவே இருக்க வேண்டும். சிமென்ட் கூடினால் சுவர் உறுதிப்படும் என்று கொத்தனார்களே சிலர் சொல்வார்கள். நாட்டுச் செங்கல் சுவருக்கு அது பொருந்தாது. கெட்டியான சிமென்ட் கலவை சந்தை அடைத்துவிட்டால், சுவரின் ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறி, உப்பு அங்கே படிந்து, சில ஆண்டுகளில் செங்கலின் முகம் பொரிந்து உதிரத் தொடங்கும்.

முதலில் பழைய கலவையை ஆணியால் கீறிப் பாருங்கள். எளிதில் பொடியாகி, இடையிடையே வெள்ளைக் கட்டிகள் தென்பட்டால் அது பெரும்பாலும் சுண்ணாம்புக் கலவை. அதற்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கும் சலித்த மணல் மூன்று பங்கும் போதும். சிமென்ட் கலவையால் கட்டிய சுவருக்குச் சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்ற அளவு பொருந்தும். உப்புக் கரிக்கும் கிணற்று நீரைக் கலவைக்கு எடுக்காதீர்கள். படிக்கட்டு போல் சாய்ந்து ஏறும் வெடிப்பு இருந்தால் சந்தை அடைப்பதில் பயனில்லை. கட்டடப் பொறியாளரிடம் காட்டுங்கள். மாடித் தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

ஒடுக்கமான உளியும் சிறு சுத்தியலும் கொண்டு, சந்தின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்திற்கு, குறைந்தது 20 மில்லிமீட்டருக்கு, பழைய கலவையைச் சுரண்டி எடுங்கள். அறுக்கும் இயந்திரம் செங்கலின் விளிம்பை வெட்டிவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும். பிறகு தூசியைத் தூரிகையால் தட்டி, சந்தை நன்கு நனைத்து, நீர் தேங்கி நிற்காத நிலையில் வேலையைத் தொடங்குங்கள்.

கலவை கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமாக இருக்கட்டும். தளர்ந்த கலவை சுருங்கி வெடிக்கும், செங்கலிலும் வழியும். மேலிருந்து கீழாக, செங்குத்துச் சந்துகளை முதலிலும் கிடைச் சந்துகளைப் பின்னரும், சிறு கரணையால் சுமார் 10 மில்லிமீட்டர் படலமாக அழுத்தி நிரப்புங்கள். விரலால் அழுத்தினால் தடம் மட்டும் பதியும் பருவத்தில், கலவை செங்கல் முகத்துக்குச் சற்றே உள்ளடங்கும்படி இழுத்துவிடுங்கள்.

மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே இந்த வேலைக்கு ஏற்றவை. கத்திரி வெயிலில் செய்ய நேர்ந்தால் விடியற்காலையில் முடித்து, ஈரச் சாக்கைச் சுவரின்மேல் தொங்கவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். பின்னர் வெள்ளை உப்பு பூத்தால் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும். அமிலம் ஊற்றிக் கழுவினால் புதிய சந்தே கரைந்துவிடும்.