பெருச்சாளி வளைக்கு மருந்து வாங்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசானம் எனும் நெல் பருவத்தின் அறுப்பு முடிந்து வயல் காலியானதும் பெருச்சாளியும் வயல் எலியும் ஊரை நோக்கி நகரத் தொடங்கும். படப்பு எனும் வைக்கோல் போரின் அடி, மாட்டுத் தொழு, வாய்க்கால் கரை, வாழைத் தோட்டம் என எங்கும் புது மண் குவியும். அந்த நாள்களில் சேரன்மகாதேவி, களக்காடு பக்கத்து உரக்கடைகளில், "அண்ணாச்சி, பெருச்சாளிக்கு நல்ல மருந்தாக ஒன்று கொடுங்கள்" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைக்காரரும் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். வளை எங்கே இருக்கிறது, பக்கத்தில் கோழி மேய்கிறதா, குழந்தை விளையாடுகிறதா என்ற பேச்சே எழுவதில்லை. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

வளைக்குள் இருப்பது எது என்று தெரியாமல் வழி தேடக் கூடாது. மண்ணில் நட்டால் அதிரும் கம்பி, விளக்கெண்ணெய்க் கரைசல் என்று இணையத்தில் பரவும் யோசனைகள் பெரும்பாலும் மேல்நாட்டு மோலுக்காகச் சொல்லப்பட்டவை. அது மண்ணுக்கடியிலேயே வாழ்ந்து மண்புழுவைத் தின்னும் பிராணி. இந்தியாவில் வடகிழக்கிலும் இமயமலைப் பகுதியிலும் அதன் இனங்கள் உண்டு. தாமிரபரணிக் கரையில் கிடையாது. நம் தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கைக் குடைவதும் தென்னம்பிள்ளையின் குருத்தைக் கடிப்பதும் பெருச்சாளியும் அதன் சிறிய உறவான வயல் எலியும்தான். மூஞ்சூறு வேறு. கூரிய மூக்கும், தேடிப் பார்த்தால்தான் தெரியும் கண்ணும், குப்பென்ற வாடையும் கொண்ட அது கரப்பானையும் பூச்சிகளையும் தின்று நமக்கு உதவுகிறது. எலி என்று நினைத்து அதைக் கொல்வது வருத்தமான காரியம்.

அடுத்து, எந்த வளையில் ஆள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாலையில் தோட்டத்தைச் சுற்றி வந்து எல்லா வளைகளையும் மண் போட்டு மூடிவிடுங்கள். விடிந்ததும் போய்ப் பாருங்கள். குடியிருக்கும் வளையின் வாயில் ஈரம் காயாத பொடிமண் குவிந்திருக்கும். அதன்மேல் கால்தடமும், பக்கத்தில் புதிய புழுக்கையும் தெரியும். சில நேரம் உள்ளிருந்தே வாயை மண்ணால் அடைத்து வைத்திருக்கும். அந்த அடைப்பு மண்ணும் புதியதாகவே இருக்கும். மூடியது மூடியபடியே கிடந்தால் அந்த வளையை விட்டுவிடலாம். பழைய வளைக்குள் கையை மட்டும் விடாதீர்கள். நல்ல பாம்பு அடைந்திருக்கும். சாரைப்பாம்பைக் கண்டால் அடிக்காதீர்கள். எலி பிடிப்பதில் அதற்கு இணையான வேலையாள் நமக்குக் கிடைக்காது.

மருந்து விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். துத்தநாக பாஸ்பைடு எனும் கறுப்புத் தூளை முதல் நாளே இரையில் கலந்து வைத்துவிடுகிறார்கள். எலி புதிய உணவைக் கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு தின்னும். அந்தக் கொஞ்சத்தில் உடம்புக்கு ஆகாமல் போய்ப் பிழைத்துக்கொண்டால் மறுபடி அந்த இரையைத் தொடாது. அதனால்தான் இரண்டு மூன்று நாள் மருந்தில்லாத வெறும் இரை வைத்துப் பழக்கச் சொல்கிறார்கள். புரோமடையலோன் 0.005 சதவீதக் கட்டியில் தவறு வேறு விதம். அது இரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள் கழித்துத்தான் கொல்லும். மறுநாளே பிணம் தேடி, காணாமல், மருந்து சரியில்லை என்று கடுமையான வேறொன்றை வாங்கி வருகிறார்கள். பொறுத்திருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு நஞ்சு தோட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

எந்த மருந்தானாலும் வெளியே தூவக் கூடாது. நம் பக்கத்தில் மயில் மேயாத வயல் இல்லை. நஞ்சுத் தானியம் தின்று மயில் செத்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு வரும். அதற்கும் மேலாக, அது வாயில்லாத உயிர். இரையைப் பொட்டலமாகக் கட்டி வளைக்குள் ஆழமாகத் தள்ளி வாயை மூடுங்கள். செத்த எலியை வெறும் கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள்; நாயும் கூகையும் அதைத் தின்றால் நஞ்சு அவற்றையும் சேரும். எலியின் சிறுநீரால் எலிக் காய்ச்சல் பரவும் என்பதால் ஈர வளையைத் தோண்டும்போது கையுறையும் காலணியும் வேண்டும். தவறி யாராவது மருந்தை விழுங்கிவிட்டால் அதன் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். புரோமடையலோனுக்கு வைட்டமின் கே மாற்றுமருந்து உண்டு. துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்றுமருந்து கிடையாது.

இரண்டு வழிகளை அடியோடு விட்டுவிட வேண்டும். ஒன்று, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டை ஒட்டிய வளையில் போடுவது. பெருச்சாளி வளை சுவருக்கு அடியில் போய் அறைக்குள் திறந்திருக்கலாம். நச்சுவாயு அந்த வழியே தூங்குகிறவர்களிடம் வரும். அந்த மாத்திரையைப் பொதுமக்களுக்கு விற்கவே அனுமதி இல்லை. இன்னொன்று, வரப்பில் மின்கம்பி இழுப்பது. எலிக்காக இழுத்த கம்பியில் மனித உயிர் போன செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்! இதை லாப நட்டக் கணக்காகப் பேசவே எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்வது கூண்டுதான். ஆனால் அடுக்களை எலிக்கான சின்னப் பொறி உதவாது. பெரிய பெருச்சாளி ஒரு கிலோ எடை வரும். பெரிய கூண்டாக வாங்கி, சுவரோரத்தில் அது நடந்து நடந்து தேய்ந்த தடத்தில் வையுங்கள். கருவாட்டுத் துண்டோ சுட்ட தேங்காயோ போதும். முதல் சில இரவுகள் கதவு விழாதபடி கட்டி வைத்து, உள்ளே போய்த் தின்று பழகவிட்டுப் பிறகு கட்டை அவிழுங்கள். வயல் வரப்புக்குத் தஞ்சாவூர்க் கிட்டி எனும் எலிப்பொறி நல்லது; மூங்கிலில் செய்தது, நஞ்சில்லாதது.

கதிர் பால் பிடித்த பிறகு இரை வைப்பதும் வீண். வாயருகே நெல் இருக்கும்போது எலி நம் இரையை ஏன் தேடி வருகிறது? அறுப்பு முடிந்து அடுத்த நடவுக்கு முந்தைய இடைவெளியே தக்க காலம். அகன்ற வரப்புகளைச் செதுக்கி ஒடுக்குவதையும், படப்பைத் தரையில் வைக்காமல் கல்லும் பலகையும் போட்டு உயர்த்துவதையும் அப்போதே செய்துவிடலாம். ஒருவர் தோட்டத்தில் மட்டும் பிடித்தால் பக்கத்துக் கரையிலிருந்து புதியவை வந்து காலி வளையில் குடியேறும். எனவே ஒரே வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் வளை மூடுவதும் கூண்டு வைப்பதும் நல்லது. பங்குனியில் வாய்க்கால் பராமரிப்புக்குக் கூடும்போதே அதற்கும் நாள் குறித்துவிடலாம்.