கோட்டு வாங்கும் முன் தோளைப் பாருங்கள்: ஜேம்ஸ் பாண்டாக மாற நினைக்கும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை. கடையை அடைக்கப் போகும் நேரத்தில் ஒரு தம்பி பெரிய பையோடு உள்ளே வந்தார். இருபத்துமூன்று வயது இருக்கும். செம்பனை ஆலையில் வேலை. பையிலிருந்து ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து வெட்டு மேசைமேல் விரித்தார். இரண்டு வாரத்தில் அக்காவுக்குத் திருமணமாம். கைத்தொலைபேசியில் ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றைக் காட்டி, "இதுபோல இருக்க வேண்டும் அண்ணே. தோளை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிக் கொடுங்கள்" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே கேள்வியை மலேசியாவின் இதே சுங்கை சிப்புட்டில், 1996-இல், வேறொரு தையற்காரரின் மேசைக்கு முன் நின்று நான் கேட்டிருக்கிறேன்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன் நான். இந்த ஊரில் கடை வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. லயத்து வீட்டிலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, கிளம்பும் ஒரு பையன், நிமிர்ந்து நடக்க வேண்டும், நன்றாக உடுத்த வேண்டும், நாலு பேர் நடுவில் பதறாமல் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டால் அது நல்ல ஆசை. அந்த ஆசைக்கு ஒரு திரைப்பட உளவாளி காரணமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் செய்த தவறுகளையே புதிய பையன்கள் வரிசையாக வந்து செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நகம் வெட்டுவது, முடி திருத்துவது, சட்டைக்கு இஸ்திரி போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அந்த மிடுக்கு பிறவியிலேயே வந்தது என்று நினைப்பது

1962-இல் வந்த முதல் பாண்ட் படத்தில் நடித்த ஷான் கானரி பணக்கார வீட்டுப் பிள்ளை அல்லர். எடின்பரோவில் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டினார். கானரி வீடு வீடாகப் பால் ஊற்றியவர், சவப்பெட்டிகளுக்கு மெருகு ஏற்றியவர். அவரை அந்த வேடத்துக்கு வார்த்தவர் இயக்குநர் டெரன்ஸ் யங். தம்முடைய தையற்காரரான ஆண்டனி சின்கிளேரிடம் கானரியை அழைத்துப் போய் அளவெடுக்க வைத்தார். கோட்டு உடம்போடு ஒட்டிப் பழக வேண்டும் என்பதற்காக அதைப் போட்டுக்கொண்டே தூங்கச் சொன்னார் என்று இன்றும் சொல்கிறார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அது வியப்பாக இல்லை. புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு வருகிறவரின் கைகளைக் கவனியுங்கள். எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கும். திருமண நாளன்று முதன்முறையாகக் கோட்டைப் போடாதீர்கள். ஒரு வாரம் முன்னதாகவே வீட்டில் போட்டு உட்காருங்கள், எழுந்திருங்கள், சோறு சாப்பிடுங்கள்.

தோள் பொருந்தாத கோட்டை வாங்குவது, அதையும் கடனில் வாங்குவது

இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு ஆறுவதில்லை.

1995-இல் பியர்ஸ் பிராஸ்னன் முதன்முதலாகப் பாண்டாக வந்தார். ஈப்போவுக்குப் பஸ் ஏறிப் போய் அந்தப் படத்தை மூன்று முறை பார்த்தேன். அப்போது ஒரு தொழிற்சாலையில் மாதம் நானூற்று ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) சம்பளம். அடுத்த ஆண்டு மாமா மகளுக்குத் திருமணம் வந்தது. கோலாலம்பூரில் ஒரு கடையில் 620 வெள்ளிக்குக் கோட்டும் காற்சட்டையும் வாங்கினேன். அதில் பாதி, அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். கண்ணாடி முன் நின்றபோதே தோள் அகலமாகத்தான் தெரிந்தது. விற்றவர், "உங்கள் ஊர்த் தையற்காரரிடம் கொடுங்கள், தோளைச் சரி செய்துவிடுவார்" என்றார். நம்பினேன்.

ஊர் திரும்பி எங்கள் ஊர்த் தையற்காரப் பெரியவரிடம் போனேன். பிற்பாடு எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கோட்டைப் போடச் சொல்லி என்னை வெளிச்சத்தில் நிறுத்தினார். கோட்டின் தோள் தையல் முடியும் இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். பிறகு என் தோள் எலும்பின் முனையில் கட்டைவிரலை வைத்தார். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் பஞ்சு. அதை லேசாக அழுத்தியதும் உள்ளே குழி விழுந்தது. "தம்பி, இதில் நான் கை வைக்க மாட்டேன்" என்றார். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் திருமணத்துக்குப் போனேன். பந்தலில் எடுத்த படத்தில் என் தலை மட்டும் சிறுத்துத் தெரிகிறது. அம்மா அந்தப் படத்தைக் கடைசிவரை சுவரிலிருந்து எடுக்கவில்லை.

தோளை ஏன் தொடக்கூடாது என்று சொல்கிறேன். கோட்டின் உள்ளே இருக்கும் திண்டு, முன்பக்கத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கேன்வாஸ், காலர், கை வந்து சேரும் வட்டம் எல்லாம் கூடும் இடம் தோள். அதைக் குறைக்க வேண்டுமானால் கையைக் கழற்ற வேண்டும், திண்டை எடுக்க வேண்டும், தோளை வெட்ட வேண்டும், கைத்துளையை மறுபடி வரைய வேண்டும், பிறகு பழைய கையைப் புதுத் துளைக்குள் ஏற்ற வேண்டும். கூலி கோட்டின் விலையை எட்டிப் பிடிக்கும். அத்தனையும் செய்த பிறகும் கை சுருக்கமில்லாமல் விழும் என்று எந்தத் தையற்காரரும் உறுதி கொடுக்க முடியாது. கை நீளத்தைக் குறைக்கலாம், பக்கவாட்டைப் பிடிக்கலாம், காற்சட்டையின் நீளத்தையும் இடுப்பையும் மாற்றலாம். அதெல்லாம் அரை நாள் வேலை. தோள் அப்படியல்ல. "தோளைச் சரி செய்துகொள்ளலாம்" என்று சொல்லி விற்கிறவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அளவு இல்லையென்றால் இல்லை என்று சொல்ல என்ன தயக்கம்?

கடையிலேயே சோதித்துவிடலாம். சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் நின்று மெதுவாகச் சாயுங்கள். உங்கள் கைக்கு முன்பே கோட்டின் தோள் சுவரில் முட்டினால் அந்தக் கோட்டு உங்களுடையது அன்று. அடுத்ததாகப் பிடரியைப் பாருங்கள். கோட்டின் காலருக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே இடைவெளி தெரியக்கூடாது. நடுப் பொத்தானைப் போட்டால் வயிற்றில் பெருக்கல் குறிபோலச் சுருக்கம் விழக்கூடாது. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டில் சட்டை அரை அங்குலம் தெரிய வேண்டும்.

துணியையும் கேளுங்கள். பளபளக்கும் பாலியெஸ்டர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நம் ஊர் நடுப்பகலில் மண்டபத்து வாசலில் நின்றால் பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். வெப்ப நாட்டுக்கென்று நெய்யும் மெல்லிய கம்பளித் துணி இருக்கிறது, காற்று போகும். உள்துணியை முதுகில் பாதிக்கு மட்டும் வைக்கச் சொல்லலாம். நிறத்தில் கருநீலமோ கரும்சாம்பலோ எடுங்கள். கானரியின் கோட்டுகளும் பெரும்பாலும் சாம்பலும் கருநீலமும்தான். பசை வைத்து ஒட்டிய மலிவுக் கோட்டின் மார்பு, சில சலவைக்குப் பிறகு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதையும் யாராலும் சரி செய்ய முடியாது.

இனி பணம். அந்தத் தம்பியின் கோட்டு 1,400 வெள்ளி, கடன் அட்டையில் வாங்கியது. நம் நாட்டில் ஆண்டுக்கு 24,000 வெள்ளி வருமானம் இருந்தாலே அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அவருடைய அட்டையில் ஏற்கெனவே கைத்தொலைபேசியும் மோட்டார் சைக்கிள் சக்கரமும் ஏறியிருந்தன. மொத்தம் 4,000 வெள்ளி. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருவதாகச் சொன்னார். காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் மாதத்துக்கு ஒன்றரை விழுக்காடு, 60 வெள்ளி. குறைந்தபட்சத் தொகை ஐந்து விழுக்காடு, 200 வெள்ளி. அதில் 140 வெள்ளிதான் கடனைக் குறைக்கிறது. தம்பி நெடுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் இருப்பவர்கள் ஏ.கே.பி.கே. அலுவலகத்துக்குப் போங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது. தனிநபர்களுக்கு ஆலோசனை இலவசம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃபிளெமிங், 1955-இல் வெளிவந்த நாவலில் பாண்டின் சம்பளத்தைச் சொல்லியிருக்கிறார். ஆண்டுக்கு 1,500 பவுண்டு, ஓர் அரசு அதிகாரியின் ஊதியம். ஆண்டில் இரண்டு மூன்று முறைதான் சாகசம். மற்ற நாள்களில் பத்து மணிக்கு அலுவலகம், கோப்புகள், பெரும்பாலும் அலுவலக உணவகத்திலேயே மதியச் சாப்பாடு. இதைப் படித்த பிறகு எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

தம்பி கோட்டைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். விலைச்சீட்டை வெட்டிவிட்டதால் கடையில் ஏற்கவில்லை. "அப்பாவிடம் நீளக்கை பாத்தேக் சட்டை இருக்கிறதா?" என்று கேட்டேன். மெழுகு வைத்துச் சாயமேற்றிய பூவேலைத் துணிதான் பாத்தேக். இருந்தது. பட்டு, பழுப்பும் பச்சையும், நன்றாக மடித்து வைத்திருந்தார்கள். அப்பாவும் மகனும் ஒரே தோள். பக்கத்தை மட்டும் பிடித்து, கையை முக்கால் அங்குலம் குறைத்தேன். நம் நாட்டில் அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் உடுத்துகிறார்கள். அமைச்சர்கள் விருந்துக்கும் அதையே போட்டுப் போகிறார்கள். கோட்டுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

கைக்கடிகாரம்

இருப்பதைக் கட்டுங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள்.

குடி

வேண்டாம். தோட்டப்புறத்தில் சம்சு என்னும் மலிவுச் சாராயம் எத்தனை வீடுகளை அழித்தது என்று நம் அம்மாக்களைக் கேளுங்கள். கதையிலேயே அந்த உளவாளியின் உடம்பு மதுவாலும் ஒரு நாளைக்கு அறுபது சிகரெட்டாலும் கெட்டுப்போய், மேலதிகாரி அவரை உடல்நல விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்.

உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டுவது

மூன்றாம் மாதம் யாரும் போவதில்லை. இன்னொரு நாவலில் பாண்ட் காலையில் தம் அறையில் செய்வது இருபது தண்டால், அதுவும் மிக மெதுவாக. பிறகு கால்களைத் தூக்கும் பயிற்சி, குனிந்து நிமிர்தல், வெந்நீரும் தண்ணீருமாக ஒரு குளியல். லயத்து வீட்டு முன்வாசல் இதற்குப் போதும். இருபது மெதுவான தண்டாலை ஒழுங்காகச் செய்து பாருங்கள், கை நடுங்கும்.

குரலை மாற்றிப் பேசுவது

வராத ஆங்கில உச்சரிப்பை வலிந்து வரவழைத்துப் பேசும் தம்பிகள் பாதி வாக்கியத்தில் திணறுகிறார்கள். நல்ல தமிழும் நல்ல மலாயும் நம்மிடம் இருக்கின்றன. ஆங்கிலத்தை நம் உச்சரிப்பிலேயே தெளிவாக, நிதானமாகப் பேசுங்கள். எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை காத்திருங்கள்.

பெண்களை அந்தப் பழைய படங்களில் பார்த்ததுபோல நடத்துவது

இதில் எனக்குப் பொறுமை கிடையாது. பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் நின்று போகிற வருகிற பெண்களை முறைப்பதற்குப் பெயர் மிடுக்கு அன்று. 1997-இல் வந்த பாண்ட் படத்தில் அவருக்குச் சமமாக நின்று சண்டையிட்டவர் மிச்செல் இயோ. இங்கிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் ஈப்போவில் பிறந்தவர். உங்கள் அக்காளும் தங்கையும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள்.

வாசனைத் திரவியம்

இரண்டு முறை தெளித்தால் போதும். சட்டையில் தெளிக்காதீர்கள், கறை போகாது.

காலணி

தோட்டத்துச் செம்மண் காலணியின் ஓரத்தையலில் புகுந்தால் தோல் வெடித்துவிடும். அன்றிரவே பழைய பல்துலக்கியால் தையலோரம் தட்டி எடுங்கள். ஈரமாக இருந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். அந்தத் தம்பி திருமணத்தன்று அப்பாவின் பழைய கறுப்புக் காலணியைத்தான் போட்டிருந்தார். புதிய அடித்தோல் தைத்து, இரண்டு இரவு மெருகு போட்டதாகச் சொன்னார்.